பெருவிரல் பள்ளம்

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஏதோ பத்திர வேலையாக ஜொகூர் பாருவுக்குப் போன அப்பா என்னையும் கூட்டிப்போனார். புக்கிட் திம்பாலான் மேட்டில் சுல்தான் இப்ராகிம் கட்டடம். குளுவாங் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைக்கு, பால்மரத்தைவிட உயரமான ஒன்றை அண்ணாந்து பார்ப்பதே புதிது. “அந்தக் கோபுரத்துல நின்னுதான் ஜப்பான்காரன் சிங்கப்பூர நோட்டம் பார்த்தான்” என்றார் அப்பா. நீரிணை வெயிலில் மினுங்கியது. அக்கரை எட்டிப் பிடித்துவிடலாம்போல இருந்தது.

படையை நடத்திய ஜெனரல் யமஷிதா தங்கியது அங்கிருந்து மேற்கே, புக்கிட் செரேன் அரண்மனையில். சுல்தானின் மாளிகைமேல் வெள்ளைக்காரன் குண்டு போடமாட்டான் என்று அவர் போட்ட கணக்கு பலித்தது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது.

பாட்டிக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. தெரிந்தது சத்தம்தான். டயர் இல்லாமல் வெறும் ரிம்மோடு சடக்கில் உருண்டு வந்த சைக்கிள்களின் கரகரப்பு. “டாங்கி வருதுன்னு நெனச்சி, அடுப்புல கஞ்சிய அப்படியே விட்டுட்டுப் பிள்ளைங்கள இழுத்துக்கிட்டுக் காட்டுக்குள்ள ஓடினோம்” என்பார். அப்புறம் லாரி வந்தது. மூன்று மாத வேலை என்று சொல்லித் தாத்தாவைச் சயாமுக்கு ஏற்றிப்போனது. பர்மா வரைக்கும் 415 கிலோமீட்டர் தண்டவாளம். 1943 அக்டோபரில் போட்டு முடித்தார்கள். தாத்தா வரவில்லை.

அவருடைய பால்வெட்டுக் கத்தி பாட்டியின் தகரப் பெட்டியில் இருந்தது. மரப்பிடியில், பெருவிரல் பதிந்து பதிந்து குழிந்த ஒரு பள்ளம். என் விரலை அதில் வைத்தால் சுற்றிலும் இடம் மிச்சமிருக்கும். துரு ஏறாமலிருக்க மாதம் ஒருமுறை தேங்காயெண்ணெய் தடவி வைப்பார் பாட்டி.

பாட்டி போய்ப் பல வருடம் கழித்துத்தான் சிங்கப்பூரில் புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலைக்குப் போனேன். பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் சரணடைந்த இடம். இப்போது நினைவு அருங்காட்சியகம். மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஜெனரல்கள் உட்கார்ந்திருக்கும் அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். கண் யமஷிதாவின் கையிலேயே இருந்தது.

அவரை 1946-இல் பிலிப்பீன்ஸில் தூக்கிலிட்டார்கள், அங்கே நடந்த கொலைகளுக்காக. சயாமுக்குப் போன லாரிகள் அந்த வழக்கில் வரவில்லை. 1942 ஜூலையிலேயே அவர் மஞ்சூரியாவுக்குப் போய்விட்டார், ரயில்பாதை அவர் வேலையில்லை என்று படித்தவர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் லாரி வருவதற்கான சடக்கைத் திறந்துவிட்டவர் அவர்தானே! என் மனசு அதில் சமாதானமாகவில்லை.

திரும்பும்போது பஸ் கடற்பாலத்து நெரிசலில் ஊர்ந்தது. கோபுரம் முன்னால் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் தகரப் பெட்டியைத் திறந்து கத்தியை எடுத்தேன். இப்போது என் பெருவிரல் அந்தப் பள்ளத்தில் கச்சிதமாக உட்காருகிறது. அந்த மாதத்து எண்ணெய் தடவாமல் கிடந்தது. தடவி வைத்தேன்.