விசிறி சொன்ன செய்தி

2012 ஆம் ஆண்டில் ஒரு வியாழக்கிழமை. எங்கள் மத்ரஸா நூலகத்தில் இருந்த கணிப்பொறியில் பழைய அரபுத் தமிழ் ஏடுகளைப் படமெடுத்துச் சேமித்து வந்தோம். செல்லரித்த ஏடுகள், பலவற்றுக்கு மறுபிரதி கிடையாது. படங்களுக்கும் வேறிடத்தில் பிரதியெடுத்து வைக்காத குற்றம் என்னுடையது. பொறியோ 2005 இல் வாங்கப்பெற்றது. அதன் பெட்டிக்குள் தூசி அடைத்துக் கிடக்கிறதென்று, ஐந்தாம் ஜும்ராவில் ஓதும் மாணவன் ஒருவன் முந்திய நாள் அதைத் திறந்து துடைத்து வைத்திருந்தான்.

அன்று காலை பெட்டியைத் தொட்டபோது வழக்கத்திலும் சற்றே சூடாக இருப்பதாகத் தோன்றிற்று. லினக்ஸ் நிறுவித் தந்த பழைய மாணவர் ஒருவர், உட்சூட்டையும் விசிறிகளின் வேகத்தையும் காட்டும் சிறு நிரல் ஒன்றையும் சேர்த்து வைத்திருந்தார். அதுகாறும் நான் திறந்தே பாராத அந்நிரலை அன்று திறந்தேன். மூளைச் சில்லின் மேலுள்ள விசிறி நிமிடத்திற்கு 2,800 சுற்றுகளுக்கு மேல் சுழல்வதாகக் காட்டிற்று. பெட்டியின் பின்புற விசிறிக்கு நேரே சைபர்.

பாடம் நடந்துகொண்டிருந்த வகுப்பில், பன்னிரண்டு பேர் முன்னிலையில் அம்மாணவனை எழுப்பி நிறுத்தினேன். "தெரியாத பொருளில் கை வைக்கலாமா? விசிறியைக் கெடுத்துவிட்டாயே!" என்றேன்.

"இல்லை ஹஸ்ரத், விசிறி சுழல்கிறது. நான் கண்ணால் பார்த்தேன்" என்றான்.

"பொறியே சைபர் என்கிறது. பொறியின் சொல்லை நம்புவதா, உன் சொல்லையா?"

அவன் தலை குனிந்தான். லுஹருக்குப் பின், வெள்ளிக்கிழமை விடுமுறைக்கு மற்றவர்களோடு ஊருக்குப் புறப்பட்டான். வழக்கமாக ஸலாம் சொல்லிக் கைகொடுத்துவிட்டுப் போகிறவன், அன்று ஸலாம் மட்டும் சொன்னான்.

மறுநாள் சுபுஹுக்குப் பின் தனியே நூலகத்திற்குச் சென்று பெட்டியைத் திறந்தேன். பின்புற விசிறி சுழன்றுகொண்டிருந்தது. ஒரு தாளை அருகே பிடித்தேன், காற்றில் படபடத்தது. செய்தியொன்று வந்தால் தீர விசாரியுங்கள் என்று கட்டளையிடும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனத்தை ஆண்டுதோறும் விளக்குகிறவன் நான். விசாரியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்துவதைப் பற்றித்தான் அவ்வசனம் பேசுகிறது. அன்று காலை அது என்னைப் பற்றியே பேசிற்று.

இப்னு ஹஜர் அவர்களின் நுக்பாவைப் பாடம் நடத்துவோர் அறிவர்: ஒரு செய்தி தள்ளப்படுவதற்குக் காரணம் இரண்டு. அறிவிப்பாளர் தொடரில் எங்கேனும் அறுபாடு இருக்கும். அல்லது அறிவிப்பாளரிடத்திலேயே குறை இருக்கும். திரையில் தோன்றும் எண்ணுக்கும் ஒரு தொடர் உண்டல்லவா? விசிறிக்குள் காந்தப் புலத்தை உணரும் சிறு சில்லொன்று இருக்கிறது. 1879 இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவைக் கொண்டு இயங்குவது அது. விசிறி ஒரு சுற்றுச் சுழன்றால் இரண்டு துடிப்புகள் எழும். விசிறியின் மூன்று கம்பிகளில் கறுப்பும் சிவப்பும் மின்சாரத்திற்கு உரியவை. துடிப்பைச் சுமந்து வருவது மஞ்சள் கம்பி. அக்கம்பி தாய்ப்பலகையின் முளையில் செருகப்படுகிறது. அங்குள்ள ஒரு சில் துடிப்புகளைக் கொண்டு வேகத்தைக் கணக்கிட, நிரல் அதனை வாங்கித் திரையில் எழுதுகிறது. ஆகவே மஞ்சள் கம்பி மட்டும் அறுந்தால் விசிறி சுழன்றுகொண்டேயிருக்கும். திரையில் சைபர் நிற்கும்.

முதலில் செருகியைக் கழற்றி மீண்டும் அழுத்திச் செருகினேன். பயனில்லை. பொறியை நிறுத்தி இரு விசிறிகளின் செருகிகளையும் இடம் மாற்றினேன். மூளைச் சில்லின் விசிறி, சைபர் காட்டிய அதே முளையில் 2,800க்கு மேல் காட்டிற்று. எனவே முளை சரி. பின்புற விசிறியோ புதிய இடத்திலும் சைபரே காட்டிற்று. குறை விசிறியின் மஞ்சள் கம்பியில்தான் என்று முடிவு செய்தேன். துடைக்கும்போது அவன் இழுத்திருப்பான் என்ற எண்ணமும் கூடவே வந்தது. மனிதன் தன் தீர்ப்பை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை!

ஜும்ஆவுக்குப் பின் அந்தப் பழைய மாணவருக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஹஸ்ரத், அந்த விசிறியின் வேகம் எவ்வளவு?"

எனக்கு நினைவு வந்தது. 2010 இல் பழைய விசிறி பாடத்திற்கு இடையூறாக இரைந்ததனால், ஓசையற்ற விசிறி வேண்டுமென்று நானே கேட்டு வாங்கி மாட்டச் செய்தேன். அதன் உறையில் 800 சுற்று என்று அச்சிட்டிருந்தது.

அவர் விளக்கினார், நான் தாளில் கணக்கிட்டேன். அச்சில்லுக்குள் நொடிக்கு 22,500 முறை தட்டும் கடிகாரம் ஒன்று உண்டு; நிமிடத்திற்கு 13,50,000 தட்டு. விசிறி ஒரு சுற்றுச் சுழன்று முடிவதற்குள் எத்தனை தட்டு விழுந்தது என்று சில் எண்ணுகிறது. விசிறி மெதுவானால் தட்டுகள் மிகும். ஆனால் எண்ணுவதற்கு அதனிடமுள்ள இடம் எட்டுப் பிட்டு. 255க்குள் அடங்காவிட்டால் நிரல் சைபர் என்று எழுதிவிடும். இதற்காகக் கடிகாரத்தை மெதுவாக்கும் வகுப்பான் ஒன்று வைத்திருக்கிறார்கள். எங்கள் பொறியில் அது 2 என்று இருந்தது. அந்நிலையில் 2,647 சுற்றுக்குக் குறைந்த வேகம் எதுவும் அதற்குத் தெரியாது. 800 சுற்றுக்கு 844 தட்டுகள் ஆகின்றன. வகுப்பானை 8 ஆக்கினால் 211, அடங்கிவிடும்.

ஆகத் தொடரில் அறுபாடு இல்லை. அறிவிப்பாளரும் பொய்யரல்லர். மெதுவான பேச்சைப் பிடித்து வைக்கும் ளப்து மட்டும் அவருக்குக் குறைவு. மாணவன் பெட்டியைத் தொடுவதற்கு இரண்டாண்டுகள் முன்பிருந்தே, நான் ஓசையற்ற விசிறியை மாட்டிய நாள் முதலாகவே, அந்தச் சைபர் அங்கே இருந்திருக்கிறது. பார்க்காதவன் நான். பெட்டியின் சூடும் என் கையின் ஐயமேயன்றி வேறில்லை. உட்சூடு அளவோடுதான் இருந்ததை நிரலே காட்டியிருந்தது. சைபரைக் கண்ட கண் அதைக் காணவில்லை.

செருகிகளைப் பழையபடி மாற்றி, அவர் சொல்லச் சொல்ல அமைப்புக் கோப்பில் அந்த ஒரு வரியை எழுதினேன். பின்புற விசிறிக்கு நேரே 803 என்று வந்தது.

சனிக்கிழமை சுபுஹுப் பாடத்திற்கு எல்லாரும் வந்திருந்தனர், அவன் இல்லை. கிதாபைத் திறந்து வைத்தேனே தவிர ஒரு வரியும் ஓடவில்லை. தகப்பனில்லாத பிள்ளை. இனி வரமாட்டேன் என்று தாயிடம் சொல்லியிருந்தால் யார் கேட்பது? ஒன்பது மணியளவில் பையுடன் வாசலில் நின்றான். முதல் பேருந்து வரவில்லையாம்.

அவனை உட்காரச் சொல்லிவிட்டு நான் எழுந்து நின்றேன். அதே பன்னிரண்டு பேர் முன்னிலையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். "தம்பி, நீ கண்டதைச் சொன்னாய். நான் விசாரிக்காமல் உன்னைக் குற்றவாளியாக்கினேன். அல்லாஹ்வுக்காக என்னை மன்னித்துவிடு" என்றேன். எனக்கு அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது; ஒரு மாணவனிடம் இவ்வார்த்தையைச் சொன்னது அதுவே முதல் தடவை. நா சற்றுத் தடுமாறிற்று.

அவன் பாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லக் கேட்டான்: "ஹஸ்ரத், இப்போது எவ்வளவு காட்டுகிறது?"

பாடம் முடிந்ததும் இருவரும் நூலகத்திற்குப் போனோம். 803 என்று காட்டிற்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 799 ஆயிற்று. ஏன் குறைந்தது என்றான். தட்டு 210 ஆக இருந்தால் 803, ஒன்று கூடி 211 ஆனால் 799, இடையில் எண்ணே கிடையாது என்று தாளில் போட்டுக் காட்டினேன். அவன் பென்சிலை வாங்கி, 212க்கு எவ்வளவு என்று தானே வகுக்கத் தொடங்கினான்.