"இதுல ஆளு இருக்காரா சார்?"



இன்று சர்க்கரை, பிரஷர், கொழுப்பு எதுவும் கிடையாது. பொம்மையைப் பற்றி எழுதப் போகிறேன்.

முப்பத்தஞ்சு வயசுல ஒரு கவர்மென்ட் டாக்டர், நைட் டியூட்டி முடிச்சு வீட்டுக்கு வந்து, பிளாஸ்டிக் பொம்மைக்குக் கையை வெட்டி ஒட்டிக்கிட்டு இருக்கான்னு சொன்னா சிரிப்பீங்க. என் வீட்டிலும் சிரிக்கத்தான் செய்கிறார்கள். பரவாயில்லை. கடைசி வரை படியுங்கள். ரோட்டில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கும்போது உங்களுக்கு உதவும் விஷயமும் இதில் இருக்கிறது.

என் பொழுதுபோக்கு ஸ்கேல் மாடல். 1/35 அளவு. அதாவது நிஜத்தில் 35 செ.மீ. இருப்பது இங்கே 1 செ.மீ. 175 செ.மீ. உயரமான ஒரு போர்வீரர் சரியாக 5 செ.மீ. நிற்பார். கிட்டத்தட்ட உங்கள் சுண்டு விரல் உயரம்.

டப்பாவில் வரும் வீரர்களின் தலை, கை, கால், உடம்பு எல்லாம் தனித்தனியாக ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் இருக்கும். வெட்டி எடுத்து, ஒட்டி, பெயிண்ட் அடித்தால் வேலை முடிந்தது.

ஆனால் டப்பா செய்தவர் முடிவு செய்த நிலையில்தான் எல்லோரும் நிற்பார்கள். துப்பாக்கியை நீட்டிக்கொண்டோ, குனிந்து ஓடிக்கொண்டோ. நமக்கு வேறு நிலை வேண்டுமென்றால் முழங்கை, தோள், இடுப்பு, கழுத்து என்று வெட்டித் திருப்பி ஒட்ட வேண்டும். இதற்குப் பெயர் கன்வர்ஷன். அப்படி மாற்றிய இரண்டு மூன்று பேரை உள்ளங்கை அளவு தரையில் நிறுத்தி, ஒரே ஒரு கணத்தைக் காட்டினால் அது விக்னெட்.

நான் எடுத்துக்கொண்ட கணம், 1917 ஏப்ரல், வடக்கு பிரான்ஸ், ஆராஸ்.

முதல் உலகப் போர். ஏப்ரல் 9, ஈஸ்டர் திங்கள்கிழமை, பனியும் ஆலங்கட்டியும் கலந்து கொட்டிய காலையில் பிரிட்டிஷ் படை அங்கே தாக்குதலைத் தொடங்கியது. என் விக்னெட்டில் சண்டை இல்லை. தொடை எலும்பு உடைந்த ஒரு வீரரை இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு சேற்றில் வருகிறார்கள். அவ்வளவுதான். அடிபட்டவர் காலில் ஒரு தாமஸ் ஸ்ப்ளிண்ட்.

ஏன் இந்தக் காட்சி? எங்கள் கேஷுவாலிட்டி சுவரில் ஒரு தாமஸ் ஸ்ப்ளிண்ட் தொங்குகிறது. மேலே இடுப்போரம் பொருந்தும் ஒரு வளையம், இரண்டு பக்கமும் நீண்ட கம்பி, கீழே மடங்கிய முனை. பைக் விபத்தில் தொடை உடைந்து வருபவர்களுக்கு இன்றும் அதை எடுத்துப் போடுகிறோம்.

இதை உருவாக்கியவர் ஹியூ ஓவன் தாமஸ். லிவர்பூலில் மருத்துவம் பார்த்தவர். மூட்டு நோயால் அவதிப்பட்டவர்களுக்காகச் செய்தார். அவர் 1891-ல் இறந்துவிட்டார். போர் வந்தபோது அவருடைய மருமகன் முறையான ராபர்ட் ஜோன்ஸ் இதைப் போர்க்களத்துக்குக் கொண்டுபோனார்.

தொடை எலும்பு உடைந்தால் என்ன ஆகும் தெரியுமா?

உடம்பின் மிகப் பெரிய தசைகளில் சில தொடையில் இருக்கின்றன. எலும்பு உடைந்ததும் அவை இறுகி இழுக்கும். உடைந்த முனைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். கால் குட்டையாகும், பாதம் வெளிப்பக்கம் சாயும், தொடை பந்து போல உப்பும். வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாமலே உள்ளே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் தேங்கிவிடும். ஒவ்வொரு அசைவிலும் முனைகள் தசையைக் கிழிக்கும். அந்த வலியும் ரத்த இழப்பும் சேர்ந்துதான் ஆளைக் கொல்லும்.

ஸ்ப்ளிண்ட் காலை இழுத்துப் பிடித்து நேராக வைக்கிறது. முனைகள் ஆடுவதில்லை. தொடைக்குள் ரத்தம் தேங்கும் இடமும் குறைகிறது.

போரின் தொடக்கத்தில் தொடை எலும்பில் குண்டு பாய்ந்தவர்களில் 80% வரை இறந்ததாக எங்கள் மருத்துவ நூல்கள் சொல்கின்றன. 1917-ல் ஆராஸில் பதிவான 1009 பேரில் இறந்தவர்கள் 15.6%. ஸ்ப்ளிண்ட் மட்டுமே காரணமல்ல, அறுவை சிகிச்சையும் அதற்குள் முன்னேறியிருந்தது. ஆனால் ஸ்ப்ளிண்ட் இல்லாமல் பலர் அறுவை சிகிச்சை மேசை வரை வந்தே சேர்ந்திருக்க மாட்டார்கள்.

சரி, பொம்மைக்கு வருவோம்.

பிரிட்டிஷ் காலாட்படை டப்பா ஒன்றிலிருந்து மூன்று பேரை எடுத்தேன். முதல் வேலை, துப்பாக்கிகளைக் கழற்றியது. இடுப்பில் வார்த்திருந்த தோட்டாப் பைகளை 11-ம் நம்பர் பிளேடால் சீவி எடுத்தேன். ஸ்ட்ரெச்சர் தூக்குபவருக்கு அவை வேண்டாம்.

அடிபட்டவருக்கு இடுப்பிலும் முழங்காலிலும் வெட்டினேன். வெட்டிய இடத்துக்கு உள்ளே செம்பு இழையை ஆணி போலச் செருகி, திருப்பி, ஒட்டி, இடைவெளியை எம்-சீல் வைத்து அடைத்தேன். ஆமாம், தண்ணீர்க் குழாய் ஒழுகினால் வைப்போமே, அதேதான். இறுகுவதற்குள் ஊசி முனையால் துணி மடிப்பைக் கீறிவிட வேண்டும்.

ஸ்ப்ளிண்ட்டை வீட்டு வயரிங் வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையில் வளைத்தேன். 0.3 மி.மீ. தடிமன். 35 மடங்கு பெரிதாக்கினால் ஒரு சென்டிமீட்டர் கம்பி. கணக்கு சரியாக வந்தது.

அங்கேதான் முதல் தப்பு செய்தேன். எங்கள் கேஷுவாலிட்டியில் செய்வது போல பேன்ட்டைக் கத்தரித்து, ஷூவைக் கழற்றி, வெறுங்காலில் போட்டுவிட்டேன். அழகாக வந்திருந்தது. பிறகுதான் படித்தேன். போர் முனையில் பனியிலும் சேற்றிலும் யாரும் ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கவில்லை. உடுப்புக்கு மேலேயே, ஷூவோடு சேர்த்தே கட்டி இழுத்தார்கள். மூன்று நாள் வேலையைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் திரும்பச் செய்தேன்.

கணுக்காலிலிருந்து முழங்கால் வரை சுற்றும் துணிப்பட்டிக்கு மைக்ரோபோர் டேப்பை மெல்லிசாக நறுக்கிச் சுற்றினேன். அந்தக் கால்பட்டிக்கு ஆங்கிலத்தில் 'பட்டீ' என்று பெயர். நம்ம ஊர் வார்த்தைதான். கட்டுத்துணி என்று பொருள்படும் இந்தி 'பட்டி'யிலிருந்து போனது.

அடுத்து, தூக்குகிற இரண்டு பேர். கைகளை முன்னால் கொண்டுவந்து, முழங்கையை மடக்கி, விரல்களை ஸ்ட்ரெச்சர் பிடியில் சுற்றி ஒட்டினேன். இடது கையில் 'எஸ்.பி.' என்று எழுதிய பட்டை. ஸ்ட்ரெச்சர் பேரர் என்பதன் சுருக்கம் அது.

எல்லாம் முடிந்து பார்த்தால் ஏதோ ஒன்று இடிக்கிறது. என்னவென்று தெரியவில்லை. ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்து டியூட்டிக்கு எடுத்துப் போனேன்.

ராத்திரி மூணு மணி. கேஷுவாலிட்டி கொஞ்சம் ஓய்ந்திருந்தது. எங்கள் ஸ்ட்ரெச்சர் அண்ணன் டீ வாங்கிக்கொண்டு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். நான் அங்கே சேர்வதற்கு முன்பிருந்தே ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறார். பொம்மையைப் பார்த்துக் குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சார், இதுல ஆளு இருக்காரா, இல்ல வெறும் ஸ்ட்ரெச்சரா?"

"ஆளு இருக்காரே அண்ணே. படுத்திருக்காரு பாருங்க."

"படுத்திருக்காரு சார். ஆனா தூக்குறவங்களுக்கு அது தெரியலையே. டீ தட்டு கொண்டு போற மாதிரி போறாங்க."

எனக்குச் சுருக்கென்றது. உண்மை. ஒரு வாரமாக எனக்குப் பிடிபடாதது அதுதான்.

"எப்படித் தூக்குவீங்க அண்ணே? செஞ்சு காட்டுங்களேன்" என்றேன்.

இன்னொரு பணியாளரைக் கூப்பிட்டார். மடக்கு ஸ்ட்ரெச்சரை விரித்தார். "படுங்க சார்" என்றார்.

நண்பர்களே, பத்து வருடமாக ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் நடந்திருக்கிறேன். அதில் படுத்தது அன்றுதான். என் எடை 78 கிலோ.

தூக்கினார்கள். கேஷுவாலிட்டி வாசலிலிருந்து எக்ஸ்ரே அறை வரை போய்த் திரும்பினார்கள். போகும்போதே அண்ணன் சொல்லிக்கொண்டு வந்தார்.

"கையை மடக்கினா அரை நிமிஷம் தாங்காது சார். நீட்டித் தொங்க விடணும். எலும்புலதான் வெயிட்டு நிக்கணும்."

"ரெண்டு பேரும் ஒரே காலை எடுத்து வைக்கக் கூடாது. அவன் இடது வச்சா நான் வலது. இல்லாட்டி தொட்டில் மாதிரி ஆடும். படுத்திருக்கிறவரு கத்துவாரு."

"முன்னாடி போறவனுக்கு ரோடுதான் தெரியும். பின்னாடி போறவன்தான் மூஞ்சியப் பாத்துக்கிட்டே போவான். மூஞ்சி மாறுச்சுன்னா நான்தான் சார் உங்களக் கூப்பிடுறது."

கால் முன்னால், தலை பின்னால் என்றுதான் கொண்டு போவார்கள். அதனால் படுத்திருந்த எனக்குத் தெரிந்தது அவருடைய முகம் மட்டும்தான். தலைகீழாக. தோள்கள் கீழே இழுபட்டு, கழுத்து நரம்பு புடைத்து, வாய் லேசாகத் திறந்து. எத்தனையோ நோயாளிகள் எங்கள் ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்த முகம் அதுதான். என் முகம் அல்ல.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். இரண்டு பேரும் எதிரெதிர்க் கால் வைத்து நடக்க வேண்டும் என்பது ராணுவ ஸ்ட்ரெச்சர் பயிற்சியிலேயே இருக்கிறது. அண்ணன் எந்தப் பயிற்சிப் புத்தகத்தையும் பார்த்ததில்லை.

ஆனால் இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன் என்று நினைக்காதீர்கள்.

என்னை இறக்கி வைத்த பிறகு அவர் உடனே நிமிரவில்லை. ஒரு கையை முழங்காலில் ஊன்றி, இன்னொரு கையை இடுப்பில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தார்.

"எத்தனை நாளா அண்ணே இப்படி?"

"அது இருக்கு சார், ஆறு வருஷமா."

ஆறு வருடம். தினமும் நான் பார்க்கும் ஆள். முதுகுவலி என்று வரிசையில் நிற்பவர்களிடம் கால் மரத்துப் போகிறதா, குனிந்தால் கூடுகிறதா என்று நாள் முழுக்கக் கேட்கிறேன். அதே அறையின் வாசலில் நின்ற மனிதரிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அது போதாதென்று, பொம்மைக்காக என் 78 கிலோவையும் அவரைத் தூக்க வைத்திருக்கிறேன்.

அன்று காலையே அவரைப் படுக்க வைத்து, காலைத் தூக்கிப் பார்த்துப் பரிசோதித்தேன். பிறகு ஸ்கேனும் எடுத்தோம். இடுப்புப் பகுதியில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது. பிசியோதெரபிக்குப் போகிறார். கனமான தூக்கு வேலையிலிருந்து மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆள் போதவில்லை என்று பதில் வந்திருக்கிறது. மறுபடியும் எழுதியிருக்கிறேன்.

விக்னெட்டில் தூக்குகிற இருவரையும் மறுபடி வெட்டினேன். முழங்கைகளை நீட்டினேன். உள்பக்கம் வார்த்திருந்த மடிப்புகளைச் சுரண்டிவிட்டு, தோளிலிருந்து கை நோக்கி இழுபடும் மடிப்புகளை எம்-சீலில் போட்டேன். தோளைச் சீவித் தாழ்த்தினேன். மாத்திரை அட்டையின் பின்பக்கத் தகட்டை நறுக்கி, தோளில் மாட்டும் வார் செய்தேன். முன்னால் போகிறவர் இடது காலும் பின்னால் வருகிறவர் வலது காலும் முன்னால் இருக்கும்படி வைத்தேன். கடைசியாக, பின்னால் வருகிறவரின் கழுத்தை வெட்டி, முகத்தைக் கீழே திருப்பினேன்.

இப்போது ஸ்ட்ரெச்சரில் ஆள் இருக்கிறார்.

அந்தப் போரில் வில்லியம் கோல்ட்மேன் என்று ஒருவர் இருந்தார். தோட்டக்காரர். ஆயுதம் தொடாத ஸ்ட்ரெச்சர் பேரர். விக்டோரியா கிராஸ் உட்பட, அதிகாரி அல்லாத பிரிட்டிஷ் வீரர்களில் அந்தப் போரில் மிக அதிக வீர விருதுகள் பெற்றவர் அவர்தான். தூக்கியதற்காக.

சொன்ன மாதிரி, உங்களுக்கான விஷயம்.

விபத்தில் ஒருவருக்குத் தொடை உப்பி, கால் குட்டையாகி, பாதம் வெளியே சாய்ந்திருந்தால்:

கை ஒருவர் கால் ஒருவர் என்று பிடித்துத் தூக்காதீர்கள். ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வர நேரமாகும் என்றால், இரண்டு கால்களுக்கும் நடுவே துணியை மடித்து வைத்து, அடிபட்ட காலை நல்ல காலோடு சேர்த்துக் கட்டுங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம், அதனால் குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். போர்த்திவிடுங்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே, முகத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

போன வாரம் முடித்த விக்னெட்டை அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பின்னால் வருகிறவரை விரலால் தொடப் போய், தொடாமல் நிறுத்திக்கொண்டார்.

"இவரு பொழைச்சிட்டாரா சார்?"

"நூத்துக்கு எண்பத்தி நாலு பேர் பொழைச்சிருக்காங்க அண்ணே."

"அப்ப பொழைச்சிருப்பாரு" என்றார்.

வெளியே ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. இடுப்பு பெல்ட்டை இறுக்கிக்கொண்டு கிளம்பினார்.