பட்டா இல்லாத கைக்கு என்ன கணக்கு? பரந்தூர் பக்கம் ஒரு பயணம்

“காஞ்சிபுரமா போற? அப்படியே நல்லதா ஒரு புடவை பாத்துட்டு வா.” கிளம்பும்போது அம்மா சொன்னது இதுதான். ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம், காந்தி ரோடு பட்டுக்கடைகள். நம்மில் பலருக்குக் காஞ்சிபுரம் அவ்வளவுதான். ஆனால், நான் போக வேண்டியது பரந்தூர் பக்கம்.

டவுனைத் தாண்டியதுமே காட்சி மாறுகிறது. ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் ஏரி. பாலாற்றுத் தண்ணீரை ஏரி ஏரியாக நிரப்பிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் வரை போகும் கம்பன் கால்வாய் இந்த வழியாகத்தான் ஓடுகிறது. சென்னையின் இரண்டாவது விமான நிலையம் வரப்போவதும் இங்கேதான்.

2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. தேவைப்படும் இடம் 5,000 ஏக்கருக்கும் மேல். ஏகனாபுரத்தில் வயல், வீடு, ஏரி எல்லாமே திட்டத்துக்குள் வருகின்றன. வேலை முடிந்து வந்து மாலையில் கூடி உட்காரும் இவர்களின் போராட்டம் 1,000 நாள்களைத் தாண்டியது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ஊரே ஓட்டுப் போடாமல் புறக்கணித்தது. 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கை ரீதியான ஒப்புதல் கொடுத்தது. அந்த ஜூலையில், சம்மதித்த சில நில உரிமையாளர்களின் பத்திரப்பதிவும் தொடங்கிவிட்டது.

“சந்தை மதிப்பைப்போல மூன்றரை மடங்கு தருவோம்” என்று 2022-லேயே அமைச்சர்கள் சொன்னார்கள். கேட்க நல்ல தொகைதானே? எனக்கும் அப்படித்தான் தோன்றியது, வரப்போரம் அந்த ஆயாவிடம் பேசும்வரை.

“உங்களுக்கு எவ்ளோ நிலம் ஆயா?”

“எனக்கு ஏது கண்ணு நெலம்? நடவு நடுவேன், களை எடுப்பேன். ரெண்டு மாடு இருக்குது, ஏரியில மேய்ப்பேன்.”

“நிலத்துக்கு நல்ல பணம் வருமாமே?”

“நெலம் இருக்கறவங்க துட்டு வாங்கினு வேற ஊர்ல நெலம் வாங்குவாங்க. அங்க நாத்து நட என்னியவா கூப்புடுவாங்க?”

என்னிடம் பதில் இல்லை. ஆனால், சட்டத்தில் ஒரு பதில் இருக்கிறது. 2014-ல் நடைமுறைக்கு வந்த நிலம் கையகப்படுத்தல் சட்டம், நிலம் இல்லாவிட்டாலும் அந்த நிலத்தை நம்பி மூன்று வருடமாகப் பிழைக்கும் கூலித் தொழிலாளியையும் குத்தகைதாரரையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்றே சொல்கிறது. அப்படிப்பட்ட குடும்பத்துக்கு ஒருவருக்கு வேலை, அல்லது 5 லட்சம் ரூபாய், அல்லது மாதம் 2,000 ரூபாய் வீதம் 20 வருடம் என்று மறுவாழ்வும் உண்டு.

சிக்கல் எங்கே என்றால், அவர்களைக் கணக்கெடுப்பதில். யார் யார் பிழைப்பு போகிறது என்று ஊரில் வந்து கேட்டுப் பதிவுசெய்யும் சமூகத் தாக்க மதிப்பீடு, அந்த மத்திய சட்டத்தில் கட்டாயம். பரந்தூருக்குப் பயன்படுத்தப்படுவதோ தொழில் நோக்கங்களுக்கான தமிழ்நாட்டின் 1997-ம் ஆண்டு சட்டம். அதில் இழப்பீடு, மறுவாழ்வு உண்டு; அந்த மதிப்பீடு கட்டாயமில்லை. 2021-ல் உச்ச நீதிமன்றமும் இந்த ஏற்பாடு செல்லும் என்று சொல்லிவிட்டது.

பட்டா வைத்திருப்பவர் பெயர் தாலுகா ஆபீஸில் இருக்கிறது. ஆயாவின் பெயர் எந்த ஏட்டில் இருக்கும்? அவர் மாடு மேய்க்கும் ஏரி அரசுக் கணக்கில் வெறும் புறம்போக்கு. அதற்காக அவருக்கு யார் பணம் தரப்போகிறார்கள்?

விமான நிலையம் வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் நடக்கட்டும். முதல் விமானம் பறக்கும் முன் அல்ல, முதல் வீடு இடியும் முன்பே பட்டா இல்லாதவர்களையும் வீடு வீடாகக் கணக்கெடுத்து, அந்தப் பட்டியலை ஊர் நடுவில் ஒட்டலாம். விடுபட்டவர் வந்து கேட்கட்டும். மடங்குக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கிளம்பும்போது ஆயா கேட்டார்: “எழுதினா எம்பேரு லிஸ்ட்ல வந்துருமா கண்ணு?”

புடவை வாங்காமலேயே வீடு திரும்பினேன். அம்மா ஏன் என்று கேட்டார். ஆயாவின் கேள்வியை அவரிடம் சொன்னேன்.