ஏழு அடிப் பரிசலும் ஓர் அடிப் பரிசலும்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், அவ்விரண்டு ஊர்களுக்கும் நடுவே, பாறை மலையொன்றின் அடிவாரத்தில் அமைந்துள்ளது சூளகிரி. ஒருபுறம் தக்காளியும் கொத்தமல்லியும் விளையும் நிலங்கள். மறுபுறம் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தேநீர்க் கடையில் ஒலிக்கும் ஊர் இது. இங்கு இல்லாதது படகு ஓடும் ஆறு ஒன்றுதான்.

மதரஸாவில் ஒருநாள் நபி நூஹ் (அலை) அவர்களின் வரலாற்றை நடத்திக்கொண்டிருந்தேன். "ஹஜ்ரத், கப்பலை எப்படிக் கட்டியிருப்பாங்க?" என்று ஒரு மாணவன் கேட்டான். அது பலகைகளாலும் ஆணிகளாலும் ஆனது என்பதைத் திருக்குர்ஆனின் 54ஆம் அத்தியாயத்திலிருந்து எடுத்துச் சொன்னேன். "பலகைக்கு நடுவுல தண்ணி வராதா, ஹஜ்ரத்?" என்றான் மீண்டும். எனக்கு விடை தெரியவில்லை. இருபது ஆண்டுகளாக அவ்வரலாற்றைப் போதித்துவரும் நான், ஒரு தோணி கட்டப்படுவதை ஒருமுறையேனும் நின்று பார்த்தவனல்லன்.

கேட்டவன் ஓதுவதில் பின்தங்கிய பிள்ளை. பாடம் மனத்தில் தங்காத காரணத்தால் என்னிடம் பலமுறை ஏச்சு வாங்கியவன். கட்டடங்களுக்கு மூங்கிற் சாரம் கட்டும் தொழிலாளியின் மகன்.

அடுத்த விடுமுறையில் அவனையும் மற்றும் நான்கு மாணவர்களையும் அழைத்துக்கொண்டு ஒகேனக்கல் புறப்பட்டேன். கிருஷ்ணகிரி, தர்மபுரி, பென்னாகரம் வழியாகப் பேருந்துப் பயணம். ஒகேனக்கல் எங்களுக்கு முற்றிலும் அந்நியமான ஊரன்று. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, மக்களின் பற்களையும் எலும்புகளையும் கெடுத்துவந்த தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் அங்கிருந்துதான் தொடங்கியது. குழாய் வழியே குடத்துக்கு வரும் காவிரியைப் பாறைகளுக்கிடையே கண்டபோது பிள்ளைகள் வாயடைத்து நின்றனர். ‘ஹொகெ’ என்றால் கன்னடத்தில் புகை. நீர்த்திவலைகள் புகையென எழும் கல் என்பதே ஊர்ப்பெயரின் பொருள். எதிர்க்கரை கர்நாடகம்.

வெள்ளம் பெருகினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை விதித்துவிடும். அன்று நீர்வரத்து குறைவாக இருந்தது. கரையில் ஒரு முதியவர் பரிசலொன்றைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்தார். ஸலாம் கூறாத குறையாக எழுந்து நின்று வரவேற்றார்.

"முன்னெல்லாம் மாட்டுத் தோல், பாய். இப்ப பிளாஸ்டிக்கும் தாரும்தான்" என்றவர், தம் தொழிலை விளக்கினார். மூங்கிலைப் பிளந்து பட்டைகளாக்கித் தரையில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னுவார்கள். நடுவில் கற்களை ஏற்றி, ஓரங்களை மேல்நோக்கி வளைத்துப் பட்டைகளைச் சுற்றிப் பின்னி, விளிம்பைத் தடிமனாகக் கட்டுவார்கள். "ஏன் வட்டமா இருக்கு, தாத்தா?" என்றான் சாரம் கட்டுபவரின் மகன். "மூக்கு இருந்தா பாறையில முட்டும் தம்பி. இதுக்கு மூக்கே இல்லை. எந்தப் பக்கம் பட்டாலும் நழுவிடும்" என்றார் அவர்.

தமக்குப்பின் இதைக் கட்ட வீட்டில் ஆளில்லை என்பதையும் சொன்னார். மகன்கள் இருவரும் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்களாம். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. மாதச் சம்பளம் வருகிறதே என்று மகிழ்ந்துதான் சொன்னார். ஆயினும் எனக்குத்தான் மனம் கனத்தது.

ஏனெனில் இது சாதாரண வாகனமன்று. 16ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியப் பயணி டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் தோல் போர்த்திய வட்டப் படகுகள் சுழன்று சுழன்று ஆட்களைக் கரைசேர்த்ததை எழுதியிருக்கிறார். இராக்கின் திஜ்லா நதியில் பக்தாத் மக்கள் சென்ற நூற்றாண்டு வரையில் இதே வடிவப் படகைப் பயன்படுத்தினர். அதன் பெயர் குஃப்பா. அரபியில் அச்சொல்லுக்குக் கூடை என்றே பொருள். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியக அறிஞர் இர்விங் ஃபிங்கல், சுமார் 3,700 ஆண்டுகளுக்கு முந்தைய பாபிலோனியக் களிமண் பலகையொன்றைப் படித்து 2014இல் நூல் வெளியிட்டார். பெருவெள்ளக் கப்பல் மாபெரும் வட்டப் பரிசல் என்கிறது அப்பலகை. அக்குறிப்பின்படி அளவைச் சுருக்கிக் கேரளத்தில் ஒரு படகு கட்டி நீரில் விட்டும் பார்த்தனர். நமக்கு இறைவேதம் கூறும் பலகையும் ஆணியுமே சான்று. எனினும் வட்டப் படகின் தொன்மையை அக்களிமண் நன்கு காட்டுகிறது.

முதியவரின் அனுமதியோடு பரிசலை அளந்தோம். குறுக்களவு 7 அடி, ஆழம் 2 அடி. ஏழில் ஒரு பங்காகச் சிறியதொன்று செய்வதென்று முடிவாயிற்று. அதாவது 1 அடிக் குறுக்களவு, ஏறக்குறைய மூன்றரை அங்குல ஆழம்.

ஊர் திரும்பிப் பணியைத் தொடங்கினோம். நான் கத்தியால் சீவிய பட்டைகள் அனைத்தும் வளைக்கும்போதே ஒடிந்தன. படகைச் சிறிதாக்கினால் மூங்கிலின் கனத்தையும் அதே பங்கில் குறைக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. அம்மாணவன்தான் பச்சை மூங்கிலைத் தேடிக் கொணர்ந்து, மேல்தோலை விட்டுவிட்டு உட்சதையை மட்டும் காகிதம்போல் சீவி எடுத்தான். "தோல் பக்கம் வெளியே இருக்கணும், ஹஜ்ரத். அத்தா சொல்லியிருக்காங்க" என்றான். அன்று நான் அவனுடைய மாணவன்.

எட்டுப் பேர் ஏறினால் சுமார் 480 கிலோ. "ஏழில் ஒரு பங்கு என்றால் நம்மில் ஒருவர் உட்காரலாம்!" என்று பிள்ளைகள் குதித்தனர். நீளம், அகலம், ஆழம் மூன்றுமே ஏழில் ஒன்றாகக் குறைவதால் சுமை 343இல் ஒரு பங்காகிவிடும் என்று கரும்பலகையில் கணக்கிட்டுக் காட்டினேன். விடை 1,400 கிராம்.

ஹவ்ளில் விட அவர்கள் ஆசைப்பட்டனர். ஒளுச் செய்யும் நீரில் தார் படலாகாது என்று தடுத்து, கொல்லைப்புறச் சிமென்ட் தொட்டியில் விடச் செய்தேன். பிஸ்மில்லாஹ் கூறி ஒவ்வொரு தக்காளியாக ஏற்றினார்கள். ஒரு கிலோவரை அசையாது நின்றது. பிறகு அடியில் நீர் கசிந்தது. நான் தார் பூசிய பக்கம்! அவன் மறுபடி பூசிக் காயவைத்தான். மறுநாள் 1,400 கிராமையும் தாங்கியது.

நபி ஜக்கரிய்யா (அலை) தச்சராயிருந்தார்கள் என்றும், நபி தாவூத் (அலை) தம் கைவருவாயிலேயே உண்டார்கள் என்றும் ஹதீஸ்களில் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் என் வகுப்பில் இருந்த ஒரு கைத்திறனை நான் மதிப்பெண்ணில் சேர்த்ததில்லை.

அப்பிள்ளை இன்றும் ஓதும்போது தடுமாறத்தான் செய்கிறான். நான் ஏசுவதில்லை. அருகில் அமர்ந்து சேர்ந்தே ஓதுகிறேன். ரெஹால்கள் அடுக்கிய அலமாரியின்மேல் பரிசல் இருக்கிறது. காவிரியில் இப்போது வெள்ளம். அது வடிந்ததும், இன்ஷா அல்லாஹ், அதை ஒகேனக்கல்லுக்கு எடுத்துச் சென்று அந்த முதியவரிடம் காட்ட வேண்டும். அவரிடம் கேட்பதற்கென்று அவன் இப்போதே ஒன்பது கேள்விகளை எழுதி வைத்திருக்கிறான்.