தலைகளைத்தானே எண்ணினீர்கள்?

2018-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவின் மாண்டரே நகரிலே ஆழ்கடல் உயிரியலாரின் பதினைந்தாவது மகாநாடு கூடிற்று. ஆராய்ச்சியில் அப்போதுதான் அடியெடுத்து வைத்திருந்த நாமும் சென்றிருந்தோம். மகாநாடு என்றதும் மாலையும் மேளமும் வரவேற்புப் பத்திரமுமே நம்மவர் நினைவுக்கு வரும். அங்கு அவை ஒன்றும் இல. பெரியோரும் சிறியோரும் காப்பிக்கு ஒரே வரிசையில் நின்றனர். நூல்களில் மட்டுமே நாம் பெயர் கண்டிருந்த அறிஞர் ஒருவர், சர்க்கரையை எடுத்துத் தருமாறு நம்மைக் கேட்டார். நமக்கு நா எழவில்லை.

அவ்வூர் இம்மகாநாட்டிற்கு மிகப் பொருந்தியதே. அதன் விரிகுடாவில், கரையை ஒட்டியே ஒரு பெரும் பள்ளத்தாக்குத் தொடங்கி, 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்கு இறங்குகின்றது. 2002-ஆம் ஆண்டில், அதன் அடியிற் கிடந்த திமிங்கில எலும்புகளில், வாயும் குடலும் இல்லாத புழுக்கள் வேர்விட்டு வாழக் கண்டனர். கண்ணுக்குத் தெரிபவை யாவும் பெண்களே. ஆண்கள் மிக நுண்ணியவை; பெண்ணின் குழலுக்குள்ளேயே குடியிருப்பவை. (ஆண்மை பேசும் அன்பர்கள் இதனைச் சற்றுக் கருதுவார்களாக!)

நாம் ஆராய்ந்த புழுக்களுக்கு அத்துணைப் பெருமை இல்லை. கடலடிச் சேற்றை இரும்புப் பெட்டியால் வெட்டியெடுத்து, நுண்ணிய சல்லடையில் நீர்விட்டு அரிப்பார்கள். ஈயங் கழுவிய பெண்கள் டூலாங் தட்டில் மணலைச் சுழற்றியதைக் கண்ட முதியோர்க்கு இவ்வேலை எளிதில் விளங்கும். அவர்களுக்கு மிஞ்சியது ஈயம். நமக்கு மிஞ்சுவது புழு. நூலினும் மெல்லிய அப்புழுக்கள் அரிக்கும்போதே ஒடிந்துபோகும். ஆதலின் தலையை மட்டுமே எண்ணவேண்டும், வாலையும் நடுத்துண்டையும் எண்ணலாகாது என்பது இத்தொழிலின் முதற்பாடம். நாமோ அப்பாடத்தை அறியுமுன்னரே இரண்டு பெட்டிகளை எண்ணி முடித்திருந்தோம். பின்னர் அறிந்தோம், ஆயினும் திருத்தவில்லை. வரைபடத்தில் அவ்விரண்டு தூண்களும் உயர்ந்து அழகாக நின்றமையே காரணம் என்பதை இப்போது மறைப்பானேன்?

ஆராய்ச்சி முடிவுகளைப் பெருந்தாளில் அச்சிட்டுப் பலகையில் மாட்டி, ஒவ்வொருவரும் தத்தம் தாளின் அருகே நிற்கும் நேரம் வந்தது. நரைத்த தலையினராகிய அம்மையார் ஒருவர் நம் தாளின்முன் நின்றார். அவ்விரண்டு தூண்களையும் நெடுநேரம் நோக்கிவிட்டு, "தலைகளைத்தானே எண்ணினீர்கள்?" என்றார்.

"ஆம்" என்றோம்.

அவர் தலையசைத்து அப்பாற் சென்றார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எட்வர்டு போர்ப்ஸ் என்பாரின் நினைவு வந்தது. 300 பாகத்திற்குக் கீழே கடலில் உயிர் இராது என்று 1843-இல் அவர் கருதியபோது அவருக்கு வயது 28. ஏஜியன் கடலில் அவர் வாரிப் பார்த்தது 230 பாகம் வரையே; எஞ்சியது ஊகம். அறிஞர் சொல்லாயிற்றே என்று பலர் அதனைப் பற்றிக்கொண்டனர். 1860-களில் நார்வே நாட்டுச் சார்ஸ் என்னும் தந்தையும் மகனும் அவ்வெல்லைக்கும் கீழிருந்து உயிர்களை வாரியெடுத்துக் காட்டினர். போர்ப்ஸ் தவறினார், உண்மைதான். ஆனால் தாம் எவ்வளவு ஆழம் வாரினார் என்பதை அவர் மறைத்தாரில்லை. நாமோ துண்டுகளைத் தலைகள் என்று சொல்லிவிட்டு வந்து படுத்திருந்தோம்.

மறுநாட் காலை அவ்வம்மையாரைத் தேடிப்பிடித்து, நேற்றுச் சொன்னது பொய் என்றோம். அவர் சினக்கவில்லை, சிரிக்கவும் இல்லை.

"புட்டிகள் இன்னும் இருக்கின்றனவா?"

எரிசாராயத்தில் இட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்றோம்.

"அப்படியானால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை" என்று கூறி, அடுத்த பிரசங்கத்திற்கு நேரமாயிற்றென மண்டபத்துள் விரைந்தார்.

நாம் நமது தாளிடம் சென்று, அவ்விரண்டு தூண்களின் குறுக்கே பேனாவாற் கோடிட்டு, "இவை தவறு, மீண்டும் எண்ணப்படும்" என்று எழுதினோம். அன்று முன்னாளிலும் மிகுதியானோர் நின்று பார்த்தனர். சிலர் நகைத்தனர் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஊர் திரும்பி, புட்டிகளைத் திறந்து, நுண்ணோக்கியின்முன் இரண்டு வாரம் அமர்ந்தோம். தலைகள் பாதிகூடத் தேறவில்லை.