சூடு காட்டிய போர்டும் சொல்ல வேண்டிய உண்மையும்

எங்கள் மதரஸாவில் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். அஸர் தொழுகைக்குப் பின் சில நாட்கள் அவருடைய மேசையருகே அமர்ந்து வேலையைக் கவனிப்பது என் வழக்கம்.

கைப்பேசியின் பல ‘ஐசி’களுக்கு வெளியே தெரியும் கால்கள் இல்லை. அடிப்பக்கத்தில் வரிசையாக உள்ள பற்றாசு உருண்டைகளே அவற்றைப் போர்டுடன் இணைக்கின்றன. சால்டரிங் அயர்னின் முனை அங்கே எட்டாது. ‘ஹாட் ஏர்’ கருவியின் சூடான காற்றே எட்டும். ஈயம் கலந்த பழைய பற்றாசு 183 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். இப்போது வழக்கத்தில் உள்ள ஈயமற்ற பற்றாசுக்கு ஏறத்தாழ 217 டிகிரி வேண்டும்.

அவர் அவசரப்படுவதில்லை. ஃப்ளக்ஸ் தடவி, அக்கம்பக்கத்துப் பிளாஸ்டிக் பாகங்களை வெப்பம் தாங்கும் டேப்பால் மூடி, காற்றை ஒரே இடத்தில் நிறுத்தாமல் வட்டமாகச் சுழற்றுகிறார். பற்றாசு முழுதும் உருகிய பின் இடுக்கியால் மெல்லத் தொட்டால், ஐசி சற்றே அசைந்து தன் இடத்திற்குத் தானே திரும்பும். அதற்கு முன் பிடுங்கினால் போர்டின் செம்புத் திட்டுகளும் பெயர்ந்து வந்துவிடும்.

இதே கருவியால் வேறொன்றும் செய்யலாம். இணைப்பில் விரிசல் கண்ட ஐசியைக் கழற்றாமல் மேலிருந்து சூடு மட்டும் காட்டினால், அணைந்த கைப்பேசி சில வேளை உயிர்பெறும். சில நிமிட வேலைதான். ஆனால் மூலக் கோளாறு நீங்காததால், சில நாட்களிலோ வாரங்களிலோ அது மீண்டும் அணைந்துவிடலாம். வாடிக்கையாளருக்கு இது தெரியாது.

“ஹஜ்ரத், இது நிலைக்காதுன்னு சொன்னா அடுத்த கடைக்குப் போயிடுறாங்க. அங்கேயும் இதே சூடுதான். சரியாயிடுச்சுன்னு சொல்லி முழுப் பணமும் வாங்கிடுறாங்க” என்றார் ஒருநாள்.

கடை வாடகையும் பிள்ளைகளின் கல்விக் கட்டணமும் அவர் தலைமேல் இருப்பதை அறிவேன். எனவே எளிதாகப் பதில் கூற மனம் வரவில்லை. விற்கும் பொருளின் குறையை மறைக்கலாகாது என்று நாம் கிதாபுகளில் ஓதுகிறோம். உழைப்பை விற்பவருக்கும் அந்தப் பொறுப்பு உண்டென்றே கருதுகிறேன். சூடு காட்டுவது குற்றமன்று. படங்களையும் எண்களையும் நகலெடுக்க இரண்டு நாள் அவகாசமே சிலருக்குப் போதும். சொல்லிச் செய்தால் அது உதவி. மறைத்துச் செய்தால் மோசடி. இதையே அவரிடம் கூறினேன்.

இப்போது அவர் ரசீதில் ‘தற்காலிகம், உடனே நகலெடுத்துக்கொள்ளவும்’ என்று எழுதுகிறார், கூலியும் குறைத்தே வாங்குகிறார். சிலர் இன்னும் எழுந்து அடுத்த கடைக்குப் போகத்தான் செய்கிறார்கள். அவர்களைத் தடுக்க அவர் ஒரு பொய்யும் சொல்வதில்லை.