மூவாரில் மேசை வாங்கும் முன்

மலாக்காவிலிருந்து தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் மூவாரை எட்டிவிடலாம். ஒத்தாக்-ஒத்தாக் சாப்பிடவும் ஆற்றோரப் பள்ளிவாசலைப் பார்க்கவும் வருவோர் ஒரு பக்கம். வீட்டுக்கு மேசை நாற்காலி தேடி வருவோர் இன்னொரு பக்கம். தளவாடத் தயாரிப்புக்கு நாட்டிலேயே பெயர் பெற்ற ஊர் இது.

இங்குள்ள பட்டறைகளில் அடுக்கியிருக்கும் வெளிர்நிறப் பலகை நமக்கு அந்நியமானதல்ல. தோட்டத்தில் நம் தாத்தா பாட்டி சீவிய பால்மரம்தான். 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரங்கள் ஒரு காலத்தில் பெரும்பாலும் விறகாகப் போயின. இன்று அவற்றை அறுத்து, பூச்சி அரிக்காதபடி மருந்தேற்றி, சூளையில் உலர்த்தி மேசையாக்குகிறார்கள்.

உலர்ந்த பிறகும் மரம் சும்மா இருப்பதில்லை. காற்றில் ஈரம் கூடினால் உறிஞ்சி விரியும், குறைந்தால் சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது. அகலவாக்கில்தான் சிக்கல். 90 செண்டிமீட்டர் அகலமுள்ள மேசைப் பலகை சில மில்லிமீட்டர் கூடிக் குறையும்.

கைதேர்ந்த தச்சர் இதற்கு இடம் விட்டே வேலை செய்வார். மேசைப் பலகையை அடிச்சட்டத்தோடு பசை போட்டு ஒட்டமாட்டார். திருகு இறங்கும் துளையை வட்டமாகப் போடாமல், பலகை விரியும் திசையில் நீளமாகக் குடைவார். அலமாரிக் கதவின் நடுப்பலகையைச் சட்டத்தின் காடிக்குள் பசையின்றிச் செருகி, ஓரத்தில் சிறு இடைவெளி விடுவார். உள்ளே பலகை அசைந்தாலும் கதவின் அளவு பெரிதாக மாறாது.

இப்படி இடம் விடாமல் இறுக்கிய மேசை, நாள் முழுக்கக் குளிரூட்டி ஓடும் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தால் என்ன ஆகும்? ஈரம் வற்றிச் சுருங்கப் பார்க்கும், சட்டம் விடாது. கடைசியில் பலகை பிளக்கும். பல மாதச் சேமிப்பும் அதோடு போகும்.

ஆகவே கடையில் மேற்புறப் பளபளப்பை மட்டும் பார்க்காதீர்கள். குனிந்து அடியில் பாருங்கள். நீள்துளையோ, பலகை நகர வழிவிடும் மரப்பிடியோ உலோகப் பிடியோ இருக்கிறதா? இல்லையென்றால் காரணம் கேளுங்கள். ஒட்டுப்பலகைக்கு இந்தக் கவலை மிகக் குறைவு. முழு மரத்துக்குக் கட்டாயம் கேட்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் குளிர்காற்று நேராகப் படும் இடத்தையும் வெயில் விழும் சன்னலோரத்தையும் தவிருங்கள்.

தாத்தா பாட்டிக்குச் சோறு போட்ட மரத்தின் மீது பேரப்பிள்ளைகள் தட்டு வைத்துச் சாப்பிட வேண்டுமானால், அந்த மேசை அசைய இடம் இருக்கட்டும்.